மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பம்: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மாமல்லபுரம் போகிறவர்கள் பெரும்பாறைச் சிற்பத்தின் முன்னால் சில நிமிடங்கள்தான் நிற்கிறார்கள். கூட வந்தவர்களில் யாராவது "இதுதான் அர்ச்சுனன் தபசு" என்பார். எல்லோரும் தலையாட்டிவிட்டு, யானைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு நகர்ந்துவிடுவார்கள். பெயர் தெரிந்துவிட்டால் பார்ப்பது நின்றுவிடுகிறது. ஆனால் அந்தப் பெயர் சரிதானா என்பதே நூறு வருஷத்துக்கு மேலாகத் தீராத வழக்கு. அந்த வழக்கை நீங்களே நேரில் விசாரிக்கலாம். சாட்சிகள் எல்லோரும் அங்கே கல்லில்தான் இருக்கிறார்கள்.

சிற்பக் கலை படித்திருக்க வேண்டியதில்லை. அரை நாள் ஒதுக்க வேண்டும், இரண்டு கதை தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கிளம்புவதற்கு முன்: இரண்டு கதை

முதல் கதை பகீரதனுடையது. சகர மன்னனின் அறுபதாயிரம் பிள்ளைகள் கபில முனிவரின் கோபத்தில் சாம்பலானார்கள். அவர்கள் கரையேற வேண்டுமானால் வானத்துக் கங்கை பூமிக்கு இறங்கி, பாதாளம் வரை போய் அந்தச் சாம்பலை நனைக்க வேண்டும். அந்த வம்சத்தில் வந்த பகீரதன் தவம் செய்தான். கங்கை விழுகிற வேகத்தைப் பூமி தாங்காது என்பதால் சிவனை வேண்டி மறுபடியும் தவம் செய்தான். சிவன் கங்கையைச் சடையில் தாங்கி மெல்ல இறக்கிவிட்டார்.

இரண்டாவது அர்ச்சுனனுடையது. வனவாச காலத்தில் சிவனின் பாசுபத ஆயுதம் வேண்டி இமயத்தில் தவம் செய்கிறான். சிவன் வேடனாக வருகிறார். ஒரு காட்டுப்பன்றியை யார் வீழ்த்தியது என்பதில் இருவருக்கும் சண்டை மூள்கிறது. கடைசியில் சிவன் தன்னை வெளிப்படுத்தி ஆயுதத்தைக் கொடுக்கிறார்.

இரண்டிலும் தவம் உண்டு, சிவன் உண்டு, இமயம் உண்டு. சிக்கல் தொடங்குவதே இங்கேதான்.

கையில் சின்ன நோட்டுப் புத்தகமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். பைனாகுலர் இருந்தால் ரொம்ப நல்லது. மேல் வரிசையில் பறக்கும் கந்தர்வர்களை வெறுங்கண்ணால் பார்த்தால் பாதிதான் தெரியும். தண்ணீர், தொப்பி அவசியம். பாறை சூடேறினால் அந்த இடமே கொதிக்கும்.

போவது எப்படி, எந்த நேரத்தில்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே 55 முதல் 60 கிலோமீட்டர். பேருந்து தாராளமாகக் கிடைக்கும். தெற்கிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் செங்கல்பட்டில் இறங்கித் திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் வரலாம். ஊருக்கு நடுவில் தலசயனப் பெருமாள் கோவில். அதற்குப் பின்புறம்தான் பெரும்பாறை. சாலையோரத்திலேயே இருப்பதால் தேடவே வேண்டாம். கடற்கரைக் கோவிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் நுழைவுச்சீட்டு உண்டு. கட்டணத்தையும் நேரத்தையும் கிளம்பும் முன் தொல்லியல் துறையின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சத்தைப் பலரும் யோசிப்பதில்லை. புடைப்புச் சிற்பத்துக்கு நிழல்தான் உயிர். பெரும்பாறை கிழக்கு பார்த்தது. சூரியன் உதித்தவுடன் வெயில் நேராக முகத்தில் அடிக்கும், உருவங்கள் தட்டையாகத் தெரியும். சூரியன் கொஞ்சம் மேலேறி, வெளிச்சம் மேலிருந்து சாய்வாக விழும்போது ஒவ்வொரு விலா எலும்பும் தனியாகத் தெரியும். பிற்பகலில் பாறை முழுவதும் நிழலுக்குள் போய்விடும். ஆகவே பெரும்பாறைக்குக் காலை, ரதங்களுக்கு மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ரதங்களில் நான்கு மேற்கு பார்த்தவை என்பதால் சாயங்கால வெயில் அவற்றுக்குப் பொருந்தும்.

முதலில் கிருஷ்ண மண்டபம்

பெரும்பாறைக்கு நேராகப் போகாதீர்கள். அதன் பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபம் இருக்கிறது, அங்கே தொடங்குங்கள். காரணம், அங்குள்ள கதையில் யாருக்கும் சந்தேகமில்லை. கண்ணைப் பழக்குவதற்கு அதுதான் ஏற்ற இடம். முன்னால் நிற்கும் தூண்கள் விஜயநகர காலத்தில் எழுப்பியவை. உள்ளே இருக்கும் சிற்பம் பல்லவர்களுடையது. முதலில் அது திறந்த வெளியில்தான் இருந்தது.

கண்ணன் கையை உயர்த்திக் கோவர்த்தன மலையைத் தாங்குகிறான். சரி, மலை எங்கே என்று பாருங்கள். மலையைத் தனியாகச் செதுக்கவே இல்லை. அவன் உள்ளங்கைக்கு மேலே இருக்கும் பாறையே மலை. மழையையும் காணோம். மலைக்கு அடியில் ஒதுங்கியவர்கள் பயந்து நடுங்கவும் இல்லை. ஒருவர் பால் கறக்கிறார், பசு திரும்பிக் கன்றை நக்கிக்கொடுக்கிறது. ஒருவர் குழல் ஊதுகிறார். ஒரு பெண் தலையில் சுமையோடு போகிறாள். கண்ணன் தாங்கிக்கொண்டிருக்கிறான் என்பதைச் சொல்ல, கீழே இருப்பவர்கள் கவலையில்லாமல் அன்றாட வேலையைப் பார்ப்பதைக் காட்டியிருக்கிறார் சிற்பி. நான் பார்த்த சிற்பங்களில் நம்பிக்கையை இதைவிட அழகாகச் சொன்ன ஒன்று இல்லை.

இங்கே கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: மாமல்லபுரத்துச் சிற்பிகள் பாறையின் இயற்கையான வடிவத்தையே கதையில் ஒரு பாத்திரமாக்குவார்கள். இதை நோட்டில் எழுதிக்கொண்டு பெரும்பாறைக்கு வாருங்கள்.

பெரும்பாறை: பெயர் இல்லாமல் அரை மணி நேரம்

சாலைக்கு எதிர்ப்பக்கம் போய்த் தூரத்தில் நில்லுங்கள். ஏறக்குறைய 30 மீட்டர் நீளம், ஒரு மூன்று நான்கு மாடி உயரம். இரண்டு பெரும் பாறைகள், நடுவில் இயற்கையான ஒரு பிளவு. இந்தத் தூரத்திலிருந்து செய்ய வேண்டியது ஒரே வேலை: எல்லோரும் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். தேவர்கள், கின்னரர்கள், வேடர்கள், சிங்கங்கள், யானைகள் என்று ஏறத்தாழ எல்லாமே அந்தப் பிளவை நோக்கித் திரும்பியிருக்கும், நகர்ந்துகொண்டிருக்கும்.

இப்போது கிட்டே போய், பிளவுக்கு இடப்பக்கம் உள்ளதை ஒரு பக்கத்திலும் வலப்பக்கம் உள்ளதை எதிர்ப்பக்கத்திலும் எழுதுங்கள். பெயர் வேண்டாம், கண்ணுக்குத் தெரிவது மட்டும். "அர்ச்சுனன்" என்று எழுதாதீர்கள். "ஒற்றைக் காலில் நிற்பவர், கை இரண்டும் தலைக்கு மேல், விலா எலும்பு தெரிகிறது, தாடி இருக்கிறது" என்று எழுதுங்கள். "சிவன்" என்பதற்குப் பதில் "நான்கு கை, சடைமுடி, ஒரு கை வரம் தரும் பாவனையில், சுற்றிலும் குட்டையான தொப்பைக்காரர்கள்". கொஞ்சம் சலிப்பாக இருக்கும். ஆனால் பெயரை எழுதிவிட்டால் அப்புறம் கண் அந்தப் பெயருக்குப் பொருந்துவதை மட்டும்தான் பொறுக்கும்.

இடப்பக்கம் கீழே ஒரு சின்னக் கோவிலும் அதற்குள் நிற்கும் ஒரு தெய்வமும் இருப்பதைப் பாருங்கள். கோவிலுக்கு முன்னால் ஒரு முனிவர் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தலை இல்லை, உடைந்துபோயிருக்கிறது. அங்கேயே கீழே ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொள்கிறது. பிளவை ஒட்டிக் கொஞ்சம் பேர் நிற்கிறார்கள்: ஒருவர் நனைந்த துணியைப் பிழிகிறார், ஒருவர் தோளில் தண்ணீர்க் குடம் சுமக்கிறார், ஒருவர் கைகளை உயர்த்திச் சூரியனைப் பார்க்கிறார்.

துணி பிழிகிறவரிடம் கொஞ்சம் அதிக நேரம் நில்லுங்கள். முறுக்கிய துணியின் மடிப்பு, அவர் கை இறுக்கம், எல்லாம் கருங்கல்லில். இத்தனை தேவர்களுக்கு நடுவில் ஆற்றில் குளித்து எழுந்த ஒருவருக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். ஏன் கொடுத்தார்கள் என்று நோட்டில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

வலப்பக்கத்தில் யானைகள், அவற்றின் காலடியில் குட்டிகள். தந்தத்துக்குக் கிட்டே தேடினால் ஒரு பூனை தெரியும். பின்னங்காலில் நின்று, முன்னங்கால் இரண்டையும் தலைக்கு மேல் தூக்கியிருக்கிறது. சுற்றிலும் எலிகள். இடப்பக்கம் ஒற்றைக் காலில் நிற்கும் தவசியின் நிலையும் இந்தப் பூனையின் நிலையும் ஒன்றே.

நடுப் பிளவில் நாகராஜனும் நாகினியும் கைகூப்பியபடி மேலெழுந்து வருகிறார்கள். பாறையின் உச்சியில் தண்ணீர் தேக்கி விடும் அமைப்பு இருந்ததற்கான தடயங்கள் உண்டு. ஒரு காலத்தில் இந்தப் பிளவு வழியாக நிஜமாகவே தண்ணீர் இறங்கியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுவது அதனால்தான்.

யார் யார் என்று அடையாளம் காண

பட்டியல் முடிந்ததும் பெயர் சூட்டலாம். புதியவருக்கு நாலைந்து அடையாளம் போதும். இரண்டுக்கு மேல் கை இருந்தால் பெரும்பாலும் தெய்வம். உயரமான, உருளையான கிரீடம் திருமாலுக்கு. சடையை மேலே கட்டிய முடி சிவனுக்கு. சங்கும் சக்கரமும் இருந்தால் பேச்சே இல்லை, திருமால்தான். குட்டையான பூதகணங்கள் சூழ்ந்திருந்தால் அருகில் சிவன் இருக்கிறார். பாதி மனிதர் பாதிப் பறவை என்றால் கின்னரர். தலைக்குப் பின்னால் படமெடுத்த பாம்பு இருந்து, இடுப்புக்குக் கீழே பாம்பு உடலாக இருந்தால் நாகர்.

ஒரே சிற்பத்தில் ஒரே ஆள் இரண்டு முறை வரலாம் என்பதையும் மனதில் வையுங்கள். தவத்தில் ஒருமுறை, தவம் முடிந்த பின் ஒருமுறை. மேலே ஒற்றைக் காலில் நிற்பவரும், கீழே கோவில் முன் உட்கார்ந்திருக்கும் முனிவரும் ஒருவரே என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கதையைக் கல்லோடு உரசிப் பாருங்கள்

இதுதான் முக்கியமான வேலை. ஒரு கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பொருந்துவதற்கு நேராக ஒரு கோடு. பொருந்தாததற்குச் சுழி. கதையில் இருந்தே தீர வேண்டியது கல்லில் இல்லையென்றால் அதற்கும் சுழி.

அர்ச்சுனனைப் பாருங்கள். சிவன் எதிரே நின்று வரம் தருகிறார்: பொருந்துகிறது. வேடர்களும் காட்டு விலங்குகளும் நிறைந்த மலை: பொருந்துகிறது. கோவிலுக்குள் திருமால்: அர்ச்சுனன் நரன், கண்ணன் நாராயணன், இருவரும் பத்ரியில் தவம் செய்தவர்கள் என்ற மரபோடு சேர்த்தால் பொருந்துகிறது. ஆனால் தவசியிடம் வில் எங்கே? பன்றி எங்கே? வேட வடிவில் சிவன் எங்கே? நாகர்கள் இங்கே என்ன செய்கிறார்கள்? எல்லோரும் ஏன் தவசியை விட்டுவிட்டுப் பிளவைப் பார்க்கிறார்கள்?

பகீரதனுக்கு வாருங்கள். பிளவு கங்கையாகிவிட்டால் நாகர்கள் பாதாளத்திலிருந்து வரவேற்க வருகிறவர்கள். துணி பிழிகிறவருக்கும் குடம் சுமப்பவருக்கும் காரணம் கிடைத்துவிடுகிறது. பாறையையே மலையாக்கிய சிற்பிகள் பிளவையே ஆறாக்கியிருக்கிறார்கள். 1914-ல் பிரெஞ்சு ஆய்வாளர் விக்டர் கொலூபெவ் இந்தக் கருத்தை விரிவாக எழுதினார்; அதன் பிறகு பலர் இந்தப் பக்கம் வந்தார்கள். ஆனால் இங்கும் சுழி உண்டு. கங்கையைத் தாங்குவதுதான் சிவனின் வேலை என்றால், அவர் ஏன் ஆற்றுக்கு அடியில் நிற்காமல் ஒதுங்கி நிற்கிறார்? சடையை ஏன் நீட்டவில்லை?

ஒற்றைக் கால் எதையும் தீர்க்காது. வியாச பாரதத்தில் அர்ச்சுனனும் கையை உயர்த்திக் கால்விரல் நுனியில் நிற்கிறான், வால்மீகி ராமாயணத்தில் பகீரதனும் அப்படியே நிற்கிறான்.

பூனை சாட்சி சொல்லுமா? மகாபாரதத்தின் உத்யோக பர்வத்தில் ஒரு பூனைக் கதை உண்டு. கங்கைக் கரையில் கையை உயர்த்தித் தவம் செய்வதுபோல் நடித்து, நம்பி வந்த எலிகளைத் தின்ற பூனை. பாண்டவர்களைக் கேலி செய்ய துரியோதனன் தூதனிடம் சொல்லி அனுப்பிய கதை அது. கதை பாரதத்தில் வருவதால் அர்ச்சுனன் கட்சியும் அதை எடுத்துக்கொள்ளும், இடம் கங்கைக்கரை என்பதால் பகீரதன் கட்சியும் எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது கட்சியும் உண்டு. தமிழறிஞர் மயிலை சீனி. வேங்கடசாமி, இது ஜைனர்களின் அஜிதநாத தீர்த்தங்கரர் புராணத்தில் வரும் சகர குமாரர் கதை என்று வாதிட்டார். அந்தக் கதையிலும் கங்கை உண்டு, நாகர் உலகம் உண்டு. எனக்கு அது முழுக்க ஒப்பவில்லை, வரம் தரும் சிவனும் பூதகணங்களும் அதற்குள் அடங்க மறுக்கிறார்கள். ஆனால் அவர் வாதத்தைத் தெரிந்துகொண்டு போனால், நாம் தானாகவே சிவன் கதை என்று எடுத்துக்கொள்வதை நிறுத்திக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம்.

என் கருத்து: இரண்டு கதையும் வேண்டுமென்றே ஒன்றாக வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரே செய்யுளில் இரண்டு பொருள் வைப்பதை ரசித்த அவை பல்லவர்களுடையது. ஆய்வாளர்களிலும் இப்படிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆயுதம் பெற்ற வீரனாகவும், நாட்டுக்கு நீர் கொண்டுவந்த மன்னனாகவும் அரசனை ஒரே கல்லில் புகழ முடியும் என்றால், ஒரு பல்லவச் சிற்பி அதை விட்டிருக்கமாட்டார். உங்கள் பட்டியலில் கோடும் சுழியும் வேறு மாதிரி விழுந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

எந்த அரசன் என்பதும் தீராத கேள்விதான். மாமல்லன் என்ற பட்டம் கொண்ட முதலாம் நரசிம்மவர்மன் (630–668) காலம் என்பது பழைய கருத்து. ஊரில் உள்ள பல்லவச் சின்னங்கள் எல்லாமே இரண்டாம் நரசிம்மவர்மனான ராஜசிம்மன் காலத்தவை, அதாவது 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்று 1962-ல் தொல்லியலாளர் இரா. நாகசாமி வாதிட்டார்.

முடியாத சிற்பத்தைத் தேடிப் பாருங்கள்

பெரும்பாறையிலிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் இதே காட்சியைச் செதுக்கத் தொடங்கிப் பாதியில் விட்ட இன்னொரு பாறை இருக்கிறது. உள்ளூரில் கேட்டால் காட்டுவார்கள். கூட்டம் இருக்காது. இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்: எதை முதலில் செதுக்கினார்கள், எதைக் கடைசிக்கு விட்டார்கள் என்பதிலிருந்து அவர்களுக்கு எது முக்கியம் என்று ஊகிக்கலாம். குன்றின் மேல் முடியாத குடைவரைக் கோவில்களில் பாறையைக் கட்டம் கட்டமாக வெட்டி, கட்டங்களுக்கு நடுவிலுள்ள மேடுகளை உடைத்தெடுத்த அடையாளம் அப்படியே இருக்கிறது. முடிந்த சிற்பத்தைப் பார்க்கும்போது வராத மலைப்பு இதைப் பார்க்கும்போது வரும்.

குன்றின் மேல் இரண்டு இடம்

கலங்கரை விளக்கத்தின் அருகே மகிஷாசுரமர்த்தினி மண்டபம். ஒரு சுவரில் சிங்கத்தின் மேல் வில்லை வளைத்து வரும் எட்டுக்கை துர்க்கை. எதிர்ச்சுவரில் பாம்பணையில் படுத்திருக்கும் திருமால். நடுவில் நின்று இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள். இந்தப் பக்கம் எல்லாம் பாய்கிறது, அந்தப் பக்கம் எல்லாம் அடங்கிக் கிடக்கிறது. அசுரன் இங்கே செத்துக் கிடக்கவில்லை. எருமைத் தலையும் மனித உடலுமாக, கதாயுதத்தைப் பிடித்தபடி பின்வாங்குகிறான். போர் முடியவில்லை, ஆனால் யார் ஜெயிப்பார்கள் என்று தெரிந்துவிட்ட அந்த நொடியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். எந்தக் கதைச் சிற்பத்தின் முன் நின்றாலும் "கதையில் இது எந்த நொடி?" என்று கேட்கப் பழகுங்கள்.

வராக மண்டபத்தில் உலகளந்த பெருமாள். தூக்கிய பாதத்துக்கு மேலே பிரம்மா, கீழே மகாபலி. இவர்களுக்கு நடுவே வானத்திலிருந்து ஒருவன் தலைகீழாக விழுகிறான். திரிசங்கு என்பார்கள், பெருமாள் எறிந்த அசுரன் என்பார்கள். அவனுக்காகவே நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

சில நடைமுறை விஷயங்கள்

சிற்பத்தைத் தொடாதீர்கள், குழந்தைகளை யானை மேல் சாய்த்துப் படம் எடுக்காதீர்கள். கையிலுள்ள எண்ணெயும் வியர்வையும் கல்லில் படிந்து கறுக்கும். முக்காலி வைத்துப் படம் பிடிக்கத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். வழிகாட்டி வைத்துக்கொள்வதானால் அனுமதி அட்டை உள்ளவரை வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் உங்கள் பட்டியல் முடிந்த பிறகு. "இது என்ன?" என்று கேட்காமல், "கதை இதுவென்றால் இந்த நாகர் ஏன் இங்கே?" என்று கேளுங்கள். பல வருஷம் அங்கேயே நிற்கிறவர்கள், நல்ல கேள்விக்கு நல்ல பதில் வரும்.

அடுத்தது எங்கே என்றால், என் பரிந்துரை திருச்சி. மலைக்கோட்டையில் உச்சிப் பிள்ளையார் கோவிலுக்கு ஏறும் வழியில் இடப்பக்கம் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக் கோவில் இருக்கிறது. அதன் சுவரில் கங்காதரர். சிவன் ஒரு கையால் சடையைப் பிடித்து நீட்டுகிறார், மேலிருந்து கங்கை பெண் வடிவில் கைகூப்பி இறங்குகிறாள். கங்கையைச் சிவன் தாங்குவதைக் காட்டப் பல்லவர்களுக்கு ஒரு தெளிவான முறை இருந்தது என்பதற்கு இதுவே சான்று. மாமல்லபுர நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். "சடையை ஏன் நீட்டவில்லை?" என்று எழுதிய சுழியை அங்கே நின்று மறுபடி படித்துவிட்டு, அதை வைத்திருப்பதா அடிப்பதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.